ஸ்கேட்டிங்கா தடகளமா, 11 வயசுல ஒண்ணை விட்டே ஆகணுமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடுறேன். பொண்ணு ஆறாவது படிக்கிறா, 11 வயசு, மூணு வருஷமா பெசன்ட் நகர்ல இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில வீல் இருக்கற ஷூ போட்டு ஓட்டுறது) போறா. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல 100 மீட்டர்ல ஃபர்ஸ்ட் வந்ததும் பி.டி. சார் தடகளத்துல சேர்த்துக்கிட்டார், ஒரு மாசமா காலையில கிரவுண்டு சாயந்திரம் ரிங்க்னு ரெண்டுக்கும் போறா. இப்ப ஸ்கேட்டிங் கோச் "ஓடினா ஸ்கேட்டிங் கெட்டுடும், ஒண்ணை எடுங்க"ன்னு சொல்லிட்டார், அதனால எதுல எதிர்காலம் இருக்கு, ரெண்டு கோச்சையும் எப்படி சமாளிக்கறதுன்னு கேக்குறீங்க. கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, காலையில எந்திரிச்சா குதிகால் வலிக்குதுங்கறா, சாதாரணம்தானேன்னு. எனக்கு உங்க கேள்வியிலயே முக்கியமான வரி அதுதான். எதை விடுறதுங்கறதை விட, இந்த ரெண்டு வேலையையும் அந்த உடம்பு தாங்குதா, அந்தக் கணக்கை யாராவது பாக்குறாங்களாங்கறதுதான் நிஜமான கேள்வின்னு நினைக்கிறேன்.

நான் யாருன்னு சொல்லிடுறேன், அப்பதான் எதை எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். உடற்கல்வி படிச்சுட்டு ஸ்கூல் பசங்களுக்கு தடகளம் சொல்லித் தர்றவன், பல வருஷமா இதே வேலை. ஸ்கேட்டிங்ல இருந்து ஓட வந்த பசங்களும், ஓடிக்கிட்டே ஸ்கேட்டிங் போற பசங்களும் எங்கிட்ட தொடர்ந்து வந்துக்கிட்டே இருக்காங்க. ஆனா ஸ்கேட்டிங் டெக்னிக் என் துறை இல்ல, டாக்டரும் இல்ல. அதனால ஓட்டம், பயிற்சி அளவு பத்தி உறுதியா பேசுவேன், மத்ததுல எல்லை எங்கன்னு சொல்லிட்டுப் பேசுறேன்.

முதல்ல கோச் சொன்னது. ஓடினா ஸ்கேட்டிங் கெட்டுடும்ங்கறதை இந்த வயசுல நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அவர் சொல்றதுக்குப் பின்னாடி ஒரு நியாயம் இருக்கு, காலையில கிரவுண்டுல ஓடிக் களைச்ச காலோட சாயந்திரம் வந்தா அந்தப் பொண்ணு தாழ்ந்து உக்கார மாட்டா, எந்திரிச்சு நின்னுக்கிட்டே ஸ்கேட் பண்ணுவா, அவர் கண்ணுக்கு அது டெக்னிக் கெட்டுப்போன மாதிரிதான் தெரியும். கெட்டது டெக்னிக் இல்ல, கால் களைச்சுப் போயிருக்கு. அதே மாதிரி பி.டி. சாரும் ஸ்கேட்டிங் பண்ற பொண்ணு, காலுல பலம் இருக்கு, சுலபமா ஓடிடுவான்னு நினைச்சிருப்பார். அதுவும் பாதிதான் உண்மை.

ஸ்கேட்டிங்ல தள்ளுறது பக்கவாட்டுல. முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, தொடை முழுக்க இறுகின நிலையில நிமிஷக் கணக்கா இருக்கணும். ஷூ அடிப்பாகம் கெட்டியா இருக்கும், பாதம் வளையாது, குதிகாலைத் தூக்கி விரல் நுனியில எகிற வேண்டிய வேலையே கிடையாது. ஓட்டத்துல தலைகீழ். கால் தரையில பட்டு நொடியில ஒரு சின்னப் பங்கு நேரத்துக்குள்ள எகிறணும், அந்த எகிறலைக் கொடுக்குறது கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் பாதமும்தான். ஒவ்வொரு எட்டுலயும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு பாரம் ஒரு காலுல இறங்குது, வேகமா ஓடினா அதுக்கும் மேல. மூணு வருஷம் ஸ்கேட்டிங் பண்ணின பொண்ணுக்கு நெஞ்சும் தொடையும் இடுப்பும் நல்லா தயாரா இருக்கும், முழங்காலுக்குக் கீழ மட்டும் புதுசா சேர்ந்த பொண்ணு மாதிரிதான். மூச்சு வாங்காது, அதனால அவளும் நிறுத்த மாட்டா, சாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார், ஆனா குதிகாலும் முன்னங்காலும் அந்த அளவுக்கு இன்னும் பழகியிருக்காது. ஸ்கேட்டிங்ல இருந்து வர்ற பசங்களுக்கு முதல் ரெண்டு மாசத்துல முன்னங்கால் எலும்பு வலியும் குதிகால் வலியும் வர்றதுக்கு நான் பாத்த வரைக்கும் முக்கியமான காரணம் இதுதான்.

ஓடுறதைப் பாத்தாலே ஸ்கேட்டிங் பசங்களைக் கண்டுபிடிச்சுடலாம். ஸ்டார்ட் எடுத்து முதல் 20, 30 மீட்டர் அருமையா இருக்கும், ஏன்னா உடம்பு முன்னாடி சாஞ்சு தாழ்ந்து தள்ளுறது அவங்களுக்குப் பழக்கம். அதுக்கப்புறம் நிமிர வேண்டிய இடத்துல நிமிர மாட்டாங்க, இடுப்பு பின்னாடி உக்காந்தே இருக்கும், பாதம் வெளிப்பக்கமா திரும்பும், கை நேரா முன்னும் பின்னும் போகாம நெஞ்சுக்குக் குறுக்க வீசும். உங்க பொண்ணு ஓடுறதை பக்கவாட்டுல இருந்து ஒரு தடவை, நேரா எதிர்ல நின்னு ஒரு தடவை போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாருங்க, இதுல ரெண்டு விஷயமாவது கண்ணுல படும். இதெல்லாம் சரி பண்ணக்கூடியதுதான், ஸ்கிப்பிங் கயிறு, ஏ ஸ்கிப் (முழங்காலை உயர்த்தித் துள்ளித் துள்ளிப் போறது) மாதிரி டிரில்ஸ், புல்லுல வெறுங்காலோட மெதுவா ஓடுறது, இந்த மூணே போதும், ஆனா அவசரப்படாம பண்ணணும்.

சரி, ஸ்கேட்டிங் ஓட்டத்துக்கு உதவுமா? தம் விஷயத்துல உதவும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, 400, 600 மீட்டர்ல ஸ்கேட்டிங் பசங்க கடைசி வரைக்கும் விடாம வர்றதை கண்ணால பாக்கலாம். இடுப்பு பலம், ஒத்தைக் கால் பேலன்ஸ், கும்பலா வர்ற ரேஸ்ல பயப்படாம இடம் பிடிக்கறது, இதெல்லாமும் கூடவே வரும். ஆனா நேர்கோட்டு வேகத்தைக் கூட்டுமாங்கறது சந்தேகம்தான். உங்க பொண்ணு 100ல ஃபர்ஸ்ட் வந்தது ஸ்கேட்டிங்காலதான்னு நான் சொல்ல மாட்டேன், பிறவியிலயே வேகம் இருந்திருக்கலாம், அந்த வேகம்தான் ஸ்கேட்டிங்லயும் அவளை முன்னாடி வச்சிருக்கலாம்.

இப்ப குதிகால். 8 வயசுல இருந்து 13, 14 வரைக்கும் குதிகால் எலும்போட பின்பக்கம் வளர்ச்சித் தட்டு இன்னும் முழுசா எலும்பா மாறியிருக்காது, கெண்டைக்கால் தசையோட தசைநார் போய்ச் சேர்றது அங்கதான். எலும்பு சடசடன்னு வளர்ற சமயத்துல தசை இறுகி இழுக்கும், அதுக்கு மேல ஓட்டமும் குதியும் சேர்ந்தா அந்த இடம் நொந்து வலிக்கும். டாக்டருங்க இதை சீவர்ஸ்னு சொல்வாங்க. இதே மாதிரி முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் புடைச்சு வலிச்சா ஆஸ்குட் ஷ்லாட்டர். ரெண்டும் விளையாடுற பசங்களுக்கு அடிக்கடி வர்றதுதான், நிரந்தரமா கெடுத்துடாது. ஒரு சின்ன சோதனை, குதிகாலோட ரெண்டு பக்கமும் உள்ளங்கையை வச்சு லேசா அமுக்குங்க, அப்ப முகம் சுளிச்சான்னா பெரும்பாலும் இதுதான். ரெண்டு மூணு வாரம் ஓட்டத்தையும் குதிக்கறதையும் நிறுத்துங்க, கெண்டைக்காலை மெதுவா நீட்டிவிடுங்க, குதிகாலுக்கு மெத்து வைங்க, ஸ்கேட்டிங்ல வலிக்கலைன்னா அதைக் கொஞ்சமா தொடரலாம். தயவுசெஞ்சு ஷூவைப் பாருங்க. பி.டி. பீரியடுக்குப் போடற அந்த வெள்ளை கேன்வாஸ் ஷூவுல, அடியில அப்பளம் மாதிரி தேஞ்சு போனதுல, காங்கிரீட் தரையில ஓடிக்கிட்டிருக்கும் பிள்ளைங்க ஏராளம். நல்ல ரன்னிங் ஷூ ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு, ஸ்பைக்ஸ் (அடியில ஆணி வச்ச ஓட்ட ஷூ) எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டி நடக்கறது, இல்ல எலும்புல ஒரே புள்ளியில தொட்டா வலிக்கறது, இதுல எது இருந்தாலும் யார் சொல்றதையும் கேட்டுக்கிட்டு உக்காராம எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, என் பதிலையும் சேர்த்துத்தான் சொல்றேன். மூணு வாரம் ஓய்வு குடுத்தும் குறையலைன்னாலும் அப்படித்தான்.

அடிபடறதைப் பத்தி நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்லணும். ஸ்கேட்டிங்ல அதிகமா உடையறது மணிக்கட்டு, விழும்போது கையை ஊன்றது மனுஷ சுபாவம். அமெரிக்காவுல 1996ல வெளிவந்த ஒரு ஆய்வுல மணிக்கட்டு கார்டு போடாதவங்களுக்கு அங்க அடிபடற வாய்ப்பு சுமார் 10 மடங்குன்னு வந்துது. நம்ம ஊர் ரிங்க்ல ஹெல்மெட், முழங்கால், முழங்கை கார்டு எல்லாம் போட்டிருப்பாங்க, மணிக்கட்டு மட்டும் வெறுமையா இருக்கும். ப்ராக்டிஸ்லயாவது போடச் சொல்லுங்க. இன்னொண்ணு, ரிங்க்லயும் சரி ட்ராக்லயும் சரி சுத்தறது இடது பக்கமாவே. ஸ்கேட் வீல்களை கழட்டிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டு ஷூவுலயும் ஒரே மாதிரி தேஞ்சிருக்காது. வீலுக்கு இருக்கற கதிதான் இடுப்புக்கும். வாரம் முழுக்க ரெண்டு வேளையும் ஒரே திசையில சுத்தற பிள்ளைக்கு வார்ம் அப்லயாவது கொஞ்சம் எதிர்த் திசையில சுத்த விடணும், ரிங்க் காலியா இருக்கும்போது கோச்கிட்ட கேட்டா செய்வார்.

அளவு எவ்வளவுன்னு கேட்டா, விளையாட்டு மருத்துவத்துல ஒரு எளிய கணக்கு சொல்வாங்க, வயசு எத்தனையோ வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல முறைப்படி பயிற்சி வேணாம்னு. உங்க பொண்ணுக்கு 11 மணி நேரம், ஸ்கேட்டிங், தடகளம், ஸ்கூல் பி.டி. எல்லாம் சேர்த்து. நீங்க எழுதினதை வச்சுக் கூட்டிப் பாத்தா, காலையில 1 மணி நேரம், சாயந்திரம் ஒன்றரை, வாரத்துக்கு ஆறு நாள், 15 மணி நேரம் வருது. குதிகால் வலிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். அமெரிக்க குழந்தை மருத்துவர் அகாடமி 2016ல சொன்னதும் இதே திசைதான், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் முழு ஓய்வு குடுங்க, ஒரே விளையாட்டுன்னு ஒதுங்கறதை 15, 16 வயசு வரைக்கும் தள்ளிப்போடுங்கன்னு. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சிலதுக்கு விதிவிலக்கு உண்டு, இன்லைன் ஸ்பீட் ஸ்கேட்டிங்கும் ஓட்டமும் அந்த வகை இல்ல. நம்ம இந்தியத் தடகள சம்மேளனமே மாவட்டங்களுக்கு இடையிலான ஜூனியர் போட்டியில 14 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு ட்ரையத்லான்னு 60 மீட்டர், நீளம் தாண்டுதல், கூட இன்னொண்ணுன்னு சேர்த்து வைக்குது, அந்த வயசுல ஒரே ஈவென்ட்ல கட்டிப்போட வேணாம்னுதான் நான் அதைப் புரிஞ்சுக்கறேன்.

நானா இருந்தா இப்படி வைப்பேன். ஸ்கேட்டிங் வாரத்துக்கு மூணு நாள், ஓட்டம் ரெண்டு நாள், ஒரு நாள் தெருவுல அவ இஷ்டத்துக்கு என்ன வேணா விளையாடட்டும், ஞாயித்துக்கிழமை ஒண்ணும் கிடையாது. குதிகால் சரியான பிறகு ஓட்டத்தை முதல் ஆறு வாரம் தடவைக்கு 25, 30 நிமிஷத்துக்கு மேல விடாதீங்க, மண்ணுலயோ புல்லுலயோ மட்டும். ஒரே நாள்ல ரெண்டும் வந்தே தீரும்னா வேக ஓட்டம் காலையில ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது, ஸ்கேட்டிங் சாயந்திரம் டெக்னிக் மட்டும். ஸ்கேட்டிங் ரோடு ரேஸ் முடிச்ச மறுநாள் ஸ்ப்ரின்ட் வேணவே வேணாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை செவுத்துல உயரத்தைக் குறிச்சு வைங்க. பொண்ணுங்க சராசரியா 11, 12 வயசுல வேகமா வளர்றாங்க, திடீர்னு கோடு எகிறுச்சுன்னா அந்த மூணு மாசம் அளவைக் குறைங்க, டைமிங் குறைஞ்சாலும் ஓடறது அசிங்கமா தெரிஞ்சாலும் திட்டாதீங்க. கை கால் நீளம் மாறியிருக்கும், அவளுக்கே அவ உடம்பு புதுசு.

எதிர்காலம் பத்தி இப்ப. ஸ்கேட்டிங்ல ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க பழைய கதை பேசுறாங்க. 2023 அக்டோபர்ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 3000 மீட்டர் ரிலேல நம்ம பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் வெண்கலம் எடுத்தாங்க, பெண்கள் அணியில கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ்னு ரெண்டு பேர், ஆண்கள் அணியில ஆனந்த்குமார் வேல்குமார், மூணு பேருமே நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்க. ஆனந்த்குமார் 2025 ஆகஸ்ட்ல செங்டு உலக விளையாட்டுல 1000 மீட்டர்ல வெண்கலம், அடுத்த மாசமே சீனாவுல நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்ல 1000 மீட்டர் தங்கம், மாரத்தான்லயும் தங்கம். இந்தியாவுக்கு அதுல தங்கமே அதுக்கு முன்னாடி கிடையாது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் சந்தோஷமா இருக்கு.

அதே நேரம் இன்லைன் ஸ்பீட் ஸ்கேட்டிங் ஒலிம்பிக்ல கிடையாது, 2018 யூத் ஒலிம்பிக்ல இருந்துது, அவ்வளவுதான். ஆசிய விளையாட்டுலயும் நிலையா இருக்கறதில்ல, 2010ல இருந்துது, 2014ல இல்ல, 2018ல ரோடு ரேஸ் மட்டும். வெளிநாட்டுல சிலர் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு மாறிடுவாங்க, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ல 500 மீட்டர் தங்கம் எடுத்த எரின் ஜாக்சன் இன்லைன்ல இருந்து போனவங்கதான், ஆனா சென்னைப் பிள்ளைக்கு அந்த வழி ரொம்ப தூரம். செலவும் கணக்குல எடுங்க, போட்டிக்கான ஷூ, ஃப்ரேம், வீல்னு பல பத்தாயிரம் போகும், கால் வளர வளர திரும்ப வாங்கணும். தடகளத்துல செலவு குறைவு, குறுவட்டத்துல இருந்து மாவட்டம், மாநிலம்னு ஸ்கூல் வழியாவே படி இருக்கு, ஆனா அந்தப் படியில ஏறுற கூட்டமும் பெருசு. ஸ்போர்ட்ஸ் கோட்டா, சர்ட்டிபிகேட்னு யோசிச்சா ரெண்டு விளையாட்டுமே ஸ்கூல் கேம்ஸ் பட்டியல்ல இருக்கு, விதி வருஷா வருஷம் மாறும், அவ பிளஸ் டூ முடிக்க இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல இருக்கு, இப்பவே அதை வச்சு முடிவெடுக்காதீங்க. 11 வயசு டைமிங்கை வச்சு 18 வயசுல யார் எங்க இருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது, சீக்கிரம் வளர்ந்த பிள்ளை இன்னிக்கு ஜெயிக்கும், அவ்வளவுதான்.

நான் நிஜமா பயப்படறது வேற விஷயத்துக்கு. எட்டாவது ஒன்பதாவது வரும்போது பொண்ணுங்க கிரவுண்டை விட்டே போயிடறாங்க. பீரியட்ஸ் ஆரம்பிக்கும், டைட்டான ஸ்கேட்டிங் சூட் போட கூச்சம் வரும், சொந்தக்காரங்க ஏதாவது சொல்வாங்க, டியூஷன் வந்துடும், இதோட ஏற்கனவே உடம்பு ஓஞ்சு சலிச்சுப் போயிருந்தா அவளே விட்டுடறேன்னு சொல்லிடுவா. திறமை இல்லாம நின்னவங்களை விட இப்படி நின்ன பொண்ணுங்கதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்காங்க. அதனால இந்த ரெண்டு மூணு வருஷம் மெடலை விட அவளுக்கு கிரவுண்டும் ரிங்க்கும் பிடிச்ச இடமா இருக்கறது முக்கியம். பீரியட்ஸ் பத்தி கோச்கிட்ட சங்கடம் இல்லாம சொல்ல முடியுற சூழல் இருக்கான்னு பாருங்க, சூட்டுக்கு மேல ஷார்ட்ஸ் போட்டு ப்ராக்டிஸ் பண்றேன்னா விடுங்க. எப்பவும் சோர்வா இருந்தா ரத்தத்துல இரும்புச்சத்து பாருங்க, காலையில ஒண்ணும் சாப்பிடாம கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க, ஒரு வாழைப்பழமும் பாலும்கூடப் போதும்.

கடைசியா, ரெண்டு கோச்சையும் எப்படி சமாளிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லன்னு நினைக்கிறேன், அதனால கணக்கு உங்க கையிலதான் இருக்கணும். ஒரு நோட்டுல எந்த நாள் எவ்வளவு நேரம், எங்க வலின்னு எழுதுங்க, அதைப் போன்ல படம் எடுத்து ரெண்டு பேருக்கும் வாரா வாரம் அனுப்புங்க. மரியாதையா, "சார், 14 வயசு வரைக்கும் ரெண்டும் பண்ணட்டும்னு இருக்கோம், உங்க நாள்ல முழு மனசோட வருவா, நாளை மட்டும் குறைச்சுக்கறோம்"னு சொல்லிப் பாருங்க. பெரும்பாலான கோச்சுங்க நோட்டைப் பாத்தா ஒத்துப்பாங்க. சீசன் மோதும், ஸ்கூல் தடகளம் ஆடி ஆவணியில குறுவட்டத்துல ஆரம்பிச்சு மழைக்காலம் வரைக்கும் இழுக்கும், ஸ்கேட்டிங் மாநிலப் போட்டியும் நேஷனல்ஸும் வருஷக் கடைசியில வரும், நடுவுல அரையாண்டுப் பரீட்சை. இந்த வருஷம் குதிகால் வலியோட இருக்கறதால குறுவட்டத்தை விட்டுடலாம், அடுத்த வருஷமும் அவ 14க்கு உட்பட்ட பிரிவுலதான் இருப்பா. எந்த மீட்டுக்குப் போறதுன்னு அவளையே கேளுங்க, அவ சொன்னதை பி.டி. சார்கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க, அந்த வேலையை அவ தலையில வைக்காதீங்க.